யார் செய்த சூரியன்?

பத்திரிகைகளுக்கு அண்மைக் காலமாகச் சூரியன் மீது ஒரு மோகம் பிறந்திருக்கிறது. 2022 டிசம்பரில் அமெரிக்காவில், கலிபோர்னியாவில் உள்ள லிவர்மோர் ஆராய்ச்சிச்சாலையில் லேசர் ஒளியைக் கொண்டு ஒரு சோதனை நடந்தது. மறு வாரமே சூரியன் பூமிக்கு இறங்கி வந்துவிட்டதாகச் செய்தி. 2025 ஜனவரியில் சீனாவின் ஹெஃபெய் நகரத்தில் ஒரு யந்திரம் 1,066 விநாடிகள் கொதிக்கும் பிளாஸ்மாவைச் சிதறாமல் கட்டி வைத்திருந்தது. உடனே ‘செயற்கைச் சூரியன் சாதனை’ என்று கொட்டை எழுத்து. அடுத்த மாதமே பிரான்ஸில் இன்னொரு யந்திரம் 1,337 விநாடிகள் தாக்குப் பிடித்தது. மறுபடியும் ஒரு சூரியன். புராணக்காரர்கள் பன்னிரண்டு ஆதித்தர்களோடு கணக்கை முடித்துக்கொண்டார்கள். பத்திரிகைக்காரர்கள் அந்தக் கணக்கைத் தாண்டாமல் விடமாட்டார்கள் போலிருக்கிறது.

யந்திரங்களோடு எனக்குச் சண்டை இல்லை. அவற்றைக் கட்டியவர்களோடும் இல்லை. அவர்களுடைய கெட்டிக்காரத்தனத்தில் நூறில் ஒரு பங்கு எனக்கு இருந்திருந்தால் நான் நாவல் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டேன். என் சண்டை அந்தப் பெயரோடு. சொல்லை விற்றுப் பிழைக்கிறவன் நான். அரிசி வியாபாரி, பக்கத்துக் கடையில் அரிசியோடு கல் கலப்பதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கலாம். இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ‘செயற்கைச் சூரியன்’ என்ற இரண்டு சொற்களில் எத்தனை கல் இருக்கிறது என்று பொறுக்கிப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

அந்தப் பெயருக்கு அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. சூரியனுக்குள்ளே ஹைட்ரஜன் அணுக்கருக்கள் ஒன்றோடொன்று இணைந்து ஹீலியம் ஆகின்றன. அந்த இணைவினால்தான் சூரியன் கொதிக்கிறது. அதே காரியத்தை நாமும் இங்கே செய்கிறோம். ஆகையால் நாம் செய்ததும் ஒரு சூரியன். மேடைப் பிரசங்கத்திலும் வாரப் பதிப்பிலும் இதுதான் பாடம். முதல் வாக்கியம் சரி. இரண்டாவது தலைகீழ். மூன்றாவது உண்மை அல்ல. நான்காவதைப் பற்றித் தனியாகப் பேச வேண்டியதே இல்லை.

இரண்டாவது வாக்கியத்தைத் தலைகீழ் என்றேன். துணிச்சலான பேச்சாகத் தோன்றலாம். விளக்குகிறேன்.

அணுவுக்குள் கரு என்று ஒன்று இருப்பதே தெரியாத காலத்தில், சூரியன் ஏன் சூடாக இருக்கிறது என்று ஜெர்மனியில் ஹெல்ம்ஹோல்ட்ஸும் பிரிட்டனில் கெல்வினும் கேட்டார்கள். 1850களிலும் 60களிலும் நடந்த கதை. அவர்கள் கண்ட விடை மிக எளியது. மலையுச்சியிலிருந்து உருண்ட பாறை அடிவாரத்தில் மோதி நிற்கும்போது மோதிய இடம் சூடாகிறது. அதுபோலத்தான் சூரியனும். பரந்து கிடந்த வாயு தன் எடையினாலேயே உள்நோக்கி விழுகிறது, விழ விழச் சூடாகிறது, சூடானது பிரகாசிக்கிறது, பிரகாசித்து இழந்ததை ஈடு செய்ய இன்னும் கொஞ்சம் விழுகிறது. இந்த வரவு செலவில் சூரியன் சில கோடி ஆண்டுகள் வாழலாம் என்று கெல்வின் கணக்குப் போட்டார். அந்தச் சில கோடியை வைத்துக்கொண்டு டார்வினை அவர் படுத்திய பாடு கொஞ்சமல்ல. உயிர்கள் ஒன்றிலிருந்து ஒன்றாக மெல்ல மாறிவர அந்தக் காலம் போதாதே!

கெல்வின் தோற்றார் என்று பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். இன்று நமக்குத் தெரிந்த சூரியனின் வயது ஏறத்தாழ 460 கோடி ஆண்டுகள். ஆனால் எதில் தோற்றார்? ஆயுட்கணக்கில்தான். சூட்டின் காரணத்தில் அவர் தோற்கவே இல்லை. சூரியனின் மையம் ஒன்றரைக் கோடி டிகிரி உஷ்ணத்தில் இருப்பதற்குக் காரணம் அதன் எடைதான். பூமியைப்போல் 3 லட்சத்து 33 ஆயிரம் மடங்கு பொருள் ஒரே இடத்தில் குவிந்து ஒன்றையொன்று அமுக்குகிறது. அமுக்கத்தைத் தாங்கி நிற்க வேண்டுமானால் உள்ளே இருப்பது அவ்வளவு சூடாக இருந்தாக வேண்டும். அது எந்த விறகை எரித்து அந்தச் சூட்டைக் காப்பாற்றிக்கொள்கிறது என்பது அடுத்த கேள்வி. 1924ல் ஆர்தர் எடிங்டன், நட்சத்திரத்தின் எடையைச் சொன்னால் அதன் ஒளியைச் சொல்கிறேன் என்கிற மாதிரி ஒரு சூத்திரத்தைக் கண்டுபிடித்தார். அப்போது நட்சத்திரத்துக்குள் எது சக்தி தருகிறது என்பது அவருக்கும் தெரியாது, வேறு எவருக்கும் தெரியாது. தெரியாமலே கணக்கு வந்தது. ஏனென்றால் அந்தக் கணக்குக்கு விறகு வேண்டியதில்லை, எடைதான் வேண்டும்.

அணுக்கரு இணைவு என்ன செய்கிறது? செலவுக்குப் பணம் கொடுக்கிறது. வெளியே போகிற ஒளிக்கு ஈடாக உள்ளே சக்தியை வைத்து, மேற்கொண்டு சுருங்காமல் சூரியனைத் தாங்கிக்கொள்கிறது. ஒரு பேச்சுக்கு, நாளைக் காலையில் சூரியனுக்குள் இணைவு அடியோடு நின்றுபோகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இருட்டிப் போகுமா? போகாது. ஆயிரம் ஆண்டு கழித்தும் நமக்கு வித்தியாசம் தெரியாது. பழையபடி கெல்வின் சொன்ன வழியில் அது சுருங்க ஆரம்பிக்கும். சுருங்க ஆரம்பித்தால் அதன் மையம் குளிராது, மேலும் சூடாகும்! இணைவு சூரியனைச் சூடாக்குகிறது என்பது தலைகீழ் என்று சொன்னது இதனால்தான். அது மேலும் சூடாகிவிடாமல் தடுத்துக்கொண்டிருப்பது இணைவு.

இந்த ஏற்பாட்டில் இன்னொரு நேர்த்தி உண்டு. மையத்தில் இணைவு கொஞ்சம் வேகமெடுத்தால் உஷ்ணம் மிகுந்து மையம் விரிகிறது; விரிந்தால் குளிர்கிறது; குளிர்ந்தால் வேகம் தணிகிறது. வேகம் குறைந்தால் சுருங்கிச் சூடேறிச் சரியாகிவிடுகிறது. சூரியனை ஓயாமல் வெடிக்கும் ஹைட்ரஜன் குண்டு என்று எழுதுகிறவர்கள் இதை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்க வேண்டும். வெடிப்பதற்கு அங்கே வழியே இல்லை. தன்னைத்தானே அடக்கிக்கொள்கிற அடுப்பு அது.

சரி, அந்த அடுப்பின் தீவிரமாவது பத்திரிகைகள் வருணிக்கிற தீவிரம்தானா?

எடிங்டன் 1920ல் கார்டிஃப் நகரத்தில் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் சபையில் பேசும்போது ஒரு யூகத்தை முன் வைத்தார். நான்கு ஹைட்ரஜன் அணுக்களின் எடையைவிட ஒரு ஹீலியம் அணுவின் எடை நூற்றில் முக்கால் பங்கு போலக் குறைவு என்று ஆஸ்டன் அப்போதுதான் நிறுத்துக் காட்டியிருந்தார். அந்தக் குறைந்த எடைதான் நட்சத்திரத்தின் ஒளியாகிறது என்றார் எடிங்டன். சக பௌதிக அறிஞர்கள் ஒப்பவில்லை. அவர்கள் பக்கத்தில் நியாயம் இருந்தது. ஹைட்ரஜன் கருவான புரோட்டான் நேர்மின்னேற்றம் உடையது; இரண்டு புரோட்டான்கள் நெருங்கினால் ஒன்றையொன்று விரட்டும். அந்த விரட்டலை மோதி உடைத்து ஒட்டிக்கொள்வதற்கு வேண்டிய சக்தியில், ஒன்றரைக் கோடி டிகிரியில் ஓடும் சராசரிப் புரோட்டானிடம் பல நூறில் ஒரு பங்குதான் இருக்கிறது. நட்சத்திரங்களுக்குப் போதிய சூடு இல்லை என்பதே ஆட்சேபம். இதைவிடச் சூடான இடம் வேண்டுமானால் நீங்களே தேடிப் போய்ச் சேருங்கள் என்ற பொருளில் எடிங்டன் பின்னால் ஒரு பதில் எழுதினார். ஆங்கிலத்தில் அந்த இடம் நரகத்தைக் குறிக்கும் என்பது வாசகர்களுக்குத் தெரிந்திருக்கலாம். மிகவும் மரியாதையான வசவு.

ஆனால் ஆட்சேபித்தவர்கள் சொன்னது உண்மை என்பதைக் கவனிக்க வேண்டும். சூரியன் போதிய சூடாக இல்லை! இன்றும் இல்லை! மோதி உடைப்பதற்கு வேண்டிய சூடு அதனிடம் ஒருநாளும் இருந்ததில்லை. 1928ல் ஜார்ஜ் காமாவ் என்ற இளைஞர், அணுவின் உலகத்தில் சுவரைத் தாண்டச் சுவரைவிட உயரமாகக் குதித்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று காட்டினார். கன்னம் வைக்காமலே சுவருக்கு மறுபுறம் காணப்படும் திருடனைப் போல, துகள் சில சமயம் தடையின் அந்தப் பக்கத்தில் இருந்துவிடும். மிக அபூர்வமாகத்தான், ஆனால் இருந்துவிடும். மறு ஆண்டே அட்கின்ஸனும் ஹௌட்டர்மான்ஸும் இதை நட்சத்திரத்துக்குப் பொருத்திப் பார்த்தார்கள். எடிங்டன் பிழைத்தார்.

சுவரைக் கடந்தால் மட்டும் போதாது. இரண்டு புரோட்டான்கள் தாமாக ஒட்டிக்கொண்டு நிற்கமாட்டா. அவை சேர்ந்திருக்கிற அந்த அற்பக் கணத்துக்குள் இரண்டில் ஒன்று நியூட்ரானாக மாறியாக வேண்டும். இயற்கையிலுள்ள விசைகளில் ‘பலவீன விசை’ என்றே பெயர் வாங்கிய ஒன்று அந்த மாற்றத்தைச் செய்கிறது. பெயருக்கு ஏற்றபடி எப்போதாவதுதான் செய்கிறது. சூரியனின் மையத்தில், வினாடிக்கு எண்ணற்ற முறை மோதிக்கொண்டும், ஒரு புரோட்டான் தனக்கு ஒரு துணையைத் தேடிக்கொள்ளச் சராசரியாக எவ்வளவு காலம் காத்திருக்கிறது தெரியுமா? ஏறத்தாழ ஆயிரம் கோடி ஆண்டுகள். இந்த முதல் படி மனிதன் கட்டிய எந்தச் சோதனைச்சாலையிலும் இதுவரை நேரடியாக அளக்கப்படவில்லை. அவ்வளவு அபூர்வம். அதற்கு அடுத்த படியோ சில விநாடிகளில் முடிந்துவிடுகிறது. 1938ல் ஹான்ஸ் பெத்தே, கிரிட்ச்ஃபீல்டோடு சேர்ந்து இந்தச் சங்கிலியைக் கண்டார். அடுத்த ஆண்டில் கார்பன் கருவைத் தரகராக வைத்துக்கொண்டு ஹைட்ரஜன் ஹீலியமாகும் வேறொரு வழியையும் விரிவாக எழுதினார். சூரியனைவிடக் கனத்த நட்சத்திரங்களில் அந்தத் தரகுதான் ஓங்கி நிற்கிறது. சூரியனில் அதன் பங்கு நூற்றுக்கு ஒன்று. 2020ல் இத்தாலியில் மலைக்கடியில் இருந்த பொரெக்ஸினோ கருவி அந்த ஒன்றையும் கண்டுபிடித்துக் காட்டிவிட்டது.

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு எண்ணைச் சொல்கிறேன். சூரியனின் நடு மையத்தில், ஒரு கன மீட்டர் இடத்தில் பிறக்கிற சக்தி எவ்வளவு? சுமார் 276 வாட். நூறு வாட் பல்பு மூன்று எரிய அது போதாது. எருக்குழியில் மக்கும் குப்பை இதற்குக் குறையாமல் சூடு தரும். எடைக்கு எடை பார்த்தால், திண்ணையில் படுத்துக் குறட்டை விடும் மனிதன் சூரியனைவிடப் பல ஆயிரம் மடங்கு சக்தி வாய்ந்த அடுப்பு. சூரியன் பிரமாண்டமாக இருப்பதனால்தான் பிரகாசமாக இருக்கிறது. உக்கிரமாக இருப்பதனால் அல்ல. விநாடிக்கு ஏறத்தாழ 60 கோடி டன் ஹைட்ரஜன் ஹீலியமாகிறது, அதில் 40 லட்சம் டன் எடை ஒளியாகப் போய்விடுகிறது என்று எழுதி வாசகனை வாய் பிளக்க வைக்கிறார்கள். இருக்கிற ஹைட்ரஜனோடு ஒப்பிட்டால் அது சமுத்திரத்தில் ஒரு சொட்டுக்கூட இல்லை என்பதையும் சேர்த்து எழுதலாமே!

இங்கே ஒரு பெண்மணியின் கதையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அவ்வளவு ஹைட்ரஜன் இருக்கிறது என்பதே ஒரு காலத்தில் யாருக்கும் தெரியாது. நட்சத்திரங்களும் பூமியைப் போல இரும்பும் சிலிக்கனும்தான் என்று நினைத்தார்கள். 1920ல் கல்கத்தாவில் மேகநாத் சாஹா உருவாக்கிய சமன்பாட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, செஸிலியா பேய்ன் என்ற இளம் ஆராய்ச்சிக்காரி ஹார்வர்டில் நட்சத்திர ஒளியைப் படித்தாள். அதில் ஹைட்ரஜன் மற்றவற்றைவிட லட்சக்கணக்கான மடங்கு அதிகம் என்று கணக்கு வந்தது. அன்றைய பெரியவர் ஹென்றி நாரிஸ் ரஸ்ஸல், இது நடக்காத காரியம் என்றார். 1925ல் வெளிவந்த ஆராய்ச்சியில், அந்த எண் அநேகமாக உண்மையாக இருக்க முடியாது என்று அவள் கையாலேயே எழுத வேண்டியதாயிற்று. நான்கு ஆண்டு கழித்து ரஸ்ஸல் வேறு வழியில் அதே விடைக்கு வந்து சேர்ந்து ஒப்புக்கொண்டார். கண்டதைவிடக் குறைத்துச் சொல்ல வைக்கப்பட்டாள் அவள். கண்டதைவிடப் பெருக்கிச் சொல்கிறவர்களின் காலம் இது.

இப்போது மூன்றாவது வாக்கியத்துக்கு வருவோம். ‘அதே காரியத்தை நாமும் செய்கிறோம்.’

செய்யவில்லை. சூரியன் புரோட்டானோடு புரோட்டானை இணைக்கிறது. நம் யந்திரங்கள் எதுவும் அதற்கு முயல்வதே இல்லை. ஆயிரம் கோடி ஆண்டு காத்திருக்க யாருக்கு அவகாசம்? அவை டியூட்டிரியத்தையும் டிரிட்டியத்தையும், அதாவது ஏற்கெனவே நியூட்ரானைச் சுமந்திருக்கிற கனத்த ஹைட்ரஜனை, எடுத்துக்கொள்கின்றன. பிரபஞ்சம் பிறந்த முதல் சில நிமிஷங்களில் உண்டான டியூட்டிரியம் கடல் நீரில் கிடைக்கிறது. பலவீன விசையின் முட்டுக்கட்டை அங்கே இல்லை. ஆகவே இந்த இணைவு நடக்கும் வாய்ப்பு சூரியனின் முதல் படியைவிட எத்தனை மடங்கு என்று எழுத, ஒன்றுக்குப் பின்னால் இருபதுக்கு மேல் சைபர் போட வேண்டும். சூரியனுடைய கஷ்டமான காரியத்தை விட்டுவிட்டு வேறொரு சுலபமான காரியத்தைச் செய்கிறோம். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் அது அதே காரியம் அல்ல.

சுவரும் வேறு. சூரியனுக்குச் சுவர் அதன் எடை. மையத்தில் பூமியின் காற்றழுத்தத்தைப் போல 25,000 கோடி மடங்கு அமுக்கம். தண்ணீரைப்போல் 150 மடங்கு அடர்த்தி. பிரான்ஸில் கதராஷ் என்னும் இடத்தில் பல தேசங்கள் கூடிக் கட்டிக்கொண்டிருக்கும் ஐடர் யந்திரத்தின் வயிற்றில், 840 கன மீட்டர் இடத்தில், ஒரே சமயத்தில் இருக்கப் போகிற எரிபொருள் ஒரு கிராமுக்கும் குறைவு. நாம் மூச்சு விடுகிற காற்றைவிட லட்சம் மடங்குக்கு மேல் மெல்லியது. எடை இல்லாத அந்த வாயுவைக் காந்தத்தால் கட்டிப் போட வேண்டும். அடர்த்தி இல்லாத குறையை உஷ்ணத்தால் ஈடு கட்ட வேண்டும். ஆகவே 15 கோடி டிகிரி, அதாவது சூரிய மையத்தைப் போலப் பத்து மடங்கு! ஒரு கன மீட்டருக்கு அதில் எதிர்பார்க்கும் சக்தி சூரிய மையத்தைவிட இரண்டாயிரம் மடங்கு. எரிபொருள் வேறு, சுவர் வேறு, அடர்த்தி வேறு, உஷ்ணம் வேறு, வேகம் வேறு. பின் எதில் ஐயா இது சூரியன்?

உண்மையில் யாராவது சூரியனைச் செய்துவிட்டால் என்ன ஆகும் என்றும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு பெரிய மின்நிலையத்துக்கு 1,000 மெகாவாட் என்று வைத்துக்கொள்வோம். கன மீட்டருக்கு 276 வாட் வீதம் அதைப் பெறச் சூரிய மையத்துப் பொருள் 36 லட்சம் கன மீட்டர் வேண்டும். அதன் எடை 50 கோடி டன்னுக்கு மேல். அதையும் 25,000 கோடி மடங்கு காற்றழுத்தத்தில் நசுக்கிப் பிடித்திருக்க வேண்டும். கிடைப்பதோ, நிலக்கரி போட்டால் கிடைக்கிற அதே 1,000 மெகாவாட். நிஜச் சூரியனைச் செய்கிறவன் மறுநாளே கடையைக் கட்ட வேண்டியதுதான்.

இயற்கையே அதைச் சின்ன அளவில் செய்ய மறுத்துவிட்டது. சூரியனுடைய எடையில் நூற்றுக்கு எட்டுப் பங்காவது இருந்தால்தான் ஒரு வாயு உருண்டை நட்சத்திரமாக முடியும். வியாழன் ஆயிரத்தில் ஒரு பங்குதான். எட்டுப் பங்குக்குக் கீழே மையம் போதிய சூடு ஏறுமுன்பே எலெக்ட்ரான்கள் நெருக்கியடித்துக்கொண்டு சுருக்கத்தை நிறுத்திவிடுகின்றன என்று 1960களின் தொடக்கத்தில் சிவ் குமார் என்ற இந்தியர் அமெரிக்காவில் இருந்துகொண்டு கணக்கிட்டுச் சொன்னார். அப்படிப்பட்ட மங்கல் பிறவிகளை 1995ல் ஐயமறக் கண்டார்கள். அவற்றைத் ‘தோற்றுப்போன நட்சத்திரங்கள்’ என்று எழுதுகிறார்கள். அவை எந்தப் பரீட்சைக்கு உட்கார்ந்தன என்பது எனக்கு விளங்கவில்லை.

என் நண்பர் ஒருவர், அவரும் கதை எழுதுகிறவர், இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சிரித்தார். “உவமை என்று ஒன்று இருக்கிறதே ஓய்! சந்திரமுகி என்றால் அவள் முகத்தில் பள்ளம் தேடுவீரா?” என்றார். தேடமாட்டேன். சந்திரமுகி என்று சொன்னவன் அதற்காக யாரிடமும் நிதி கேட்கவில்லை. குஜராத்தில் காந்திநகருக்குப் பக்கத்தில் 1989ல் இயங்கத் தொடங்கிய நம் நாட்டு யந்திரத்துக்கு ஆதித்யா என்றே பெயர் வைத்தார்கள். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பிள்ளைக்குப் பாஸ்கரன் என்று பெயரிடுவது போல. அவனிடம் போய் யாரும் வெயில் கேட்பதில்லை. ‘செயற்கைச் சூரியன்’ அப்படி இடப்பட்ட பெயர் அல்ல. அது ஒரு வாக்குறுதி. சூரியன் ஓயாது, எரிபொருள் தீராது, காசு கேட்காது, யாருக்கும் இல்லை என்று சொல்லாது. இத்தனையையும் வாசகன் அந்த ஒரு சொல்லிலிருந்து தானே எடுத்துக்கொள்கிறான். எடுத்துக்கொள்ளட்டும் என்றுதான் அதைப் போடுகிறார்கள்.

இந்த வாக்குறுதி ஒருமுறை என்ன ஆயிற்று என்பதற்குச் சரித்திரம் இருக்கிறது. 1958 ஜனவரியில் இங்கிலாந்தில் ஹார்வெல் என்னும் இடத்தில் ஸீட்டா என்ற யந்திரத்தில் அணுக்கரு இணைவு சித்தித்துவிட்டது என்று அறிவித்தார்கள். சர் ஜான் காக்ராஃப்ட், நோபல் பரிசு பெற்றவர், பத்திரிகையாளர்களிடம் தொண்ணூறு சதவிகிதம் நிச்சயம் என்றார். பத்திரிகைகள் மீதிப் பத்தையும் தாங்களே போட்டு நிரப்பி, நமக்கென்று ஒரு சூரியன் கிடைத்துவிட்டது என்று கொண்டாடின. மே மாதத்துக்குள், யந்திரத்திலிருந்து வந்த நியூட்ரான்கள் உஷ்ணத்தினால் உண்டான இணைவிலிருந்து வந்தவை அல்ல என்று தெரிந்து அறிவிப்பை வாபஸ் வாங்க வேண்டியதாயிற்று. பத்து ஆண்டு கழித்து, 1968ல், ரஷ்யர்கள் தங்கள் யந்திரத்தில் ஒரு கோடி டிகிரி எட்டியதாகச் சொன்னபோது மேற்கத்தியர்கள் நம்பவில்லை. ரஷ்யர்கள் கோபித்துக்கொள்ளவில்லை, நீங்களே வந்து அளந்து பாருங்கள் என்றார்கள். பனிப்போர் உச்சத்தில் இருந்த நாளில், 1969ல், பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் லேசர் கருவிகளைத் தூக்கிக்கொண்டு மாஸ்கோவுக்குப் போய் அளந்தார்கள். சொன்னது சரியாக இருந்தது. சூரியனைப் பேசியவர்கள் ஆறு மாதத்தில் வாயை மூடினார்கள். டிகிரியைப் பேசியவர்களின் யந்திரத்தைத்தான் இன்று உலகம் முழுதும் கட்டுகிறார்கள்.

நட்சத்திரத்தைப் பற்றியே பொறுமையாகப் பேசியவர் ஒருவர் உண்டு. ரேமண்ட் டேவிஸ். சூரிய மையத்தில் இணைவு நடந்தால் நியூட்ரினோக்கள் வர வேண்டும்; நம் கட்டைவிரல் நகத்தின் வழியாகவே விநாடிக்கு ஆறாயிரம் கோடிக்கு மேல் பாய வேண்டும். டேவிஸ் 1960களில் அமெரிக்காவில் ஒரு தங்கச் சுரங்கத்தின் அடியில், சலவைக்குப் பயன்படும் திரவத்தை ஒரு லட்சம் காலன் நிரப்பி வைத்துக்கொண்டு காத்திருந்தார். எதிர்பார்த்ததில் மூன்றில் ஒரு பங்குதான் அகப்பட்டது. கருவி கோணல் என்றார்கள், சூரியக் கணக்குக் கோணல் என்றார்கள். மனிதர் எண்ணைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. முப்பது ஆண்டுகள் எண்ணிக்கொண்டே இருந்தார். வழியில் நியூட்ரினோக்கள் வேறு வகையாக மாறிவிடுகின்றன என்று 2001லும் 2002லும் கனடாவில் சட்பரி சுரங்கச் சோதனையில் தெளிவாயிற்று. சூரியக் கணக்கும் சரி, டேவிஸின் கணக்கும் சரி. 2002ல் நோபல் பரிசு வந்தபோது அவருக்கு வயது 88.

லிவர்மோர் சாதனைக்குத் திரும்புவோம். 192 லேசர்கள் மிளகளவு உருண்டை ஒன்றின் மேல் செலுத்திய சக்தி 20.5 லட்சம் ஜூல். உருண்டையிலிருந்து வந்தது 31.5 லட்சம் ஜூல். போட்டதற்கு மேல் எடுத்தார்கள். எழுபது ஆண்டு முயற்சியில் இது முதல் தடவை. மெய்யாகவே பெரிய காரியம். ஆனால் அந்த லேசர்களை இயக்கச் சுவரிலிருந்து இழுத்த மின்சாரம் சுமார் 30 கோடி ஜூல். அதாவது நூறு ரூபாய் செலவழித்து ஒரு ரூபாய் சம்பாதித்தார்கள். ஆராய்ச்சியில் இது நஷ்டமே அல்ல. வந்த ஒரு ரூபாயின் குணம்தான் அங்கே முக்கியம். விஞ்ஞானிகள் இந்த முப்பது கோடியை மறைக்கவும் இல்லை. மறைத்தது தலைப்பு. சூரியன் என்று போட்ட பிறகு மின்சார மீட்டரைப் பற்றி எந்த வாசகன் கேட்பான்?

நஷ்டம் யாருக்கு என்று கேட்டால், அந்த யந்திரக்காரர்களுக்குத்தான் முதலில். எடையில்லாத ஒரு சிட்டிகை வாயுவைச் சூரிய மையத்தைப் போலப் பத்து மடங்கு சூடாக்கி, சில மீட்டர் தள்ளிப் பூஜ்யத்துக்குக் கீழே 269 டிகிரி குளிரில் காந்தங்களை வைத்து, இரண்டும் ஒன்றையொன்று கெடுக்காமல் காப்பது எந்த நட்சத்திரமும் செய்யாத வேலை. நட்சத்திரத்துக்கு அது தேவையே இல்லை. எடை இருக்கிறது, காலம் இருக்கிறது. மனிதனிடம் இரண்டும் இல்லை. இரண்டும் இல்லாமல் அவன் கண்டுபிடித்த உபாயத்தை, சூரியனைப் பார்த்துப் போட்ட நகல் என்று சொல்லிப் பாராட்டுகிறார்கள்.

என்ன பெயர் வைப்பது என்று பத்திரிகை நண்பர்கள் கேட்கலாம். பெயர் இருக்கிறது. 1950களில் ரஷ்யர்களே வைத்தது: டோகாமாக். காந்தச் சுருள்கள் சுற்றிய வளையக் கூடு என்பதை அவர்கள் பாஷையில் சுருக்கிச் சொன்னது. அதில் சூரியனும் இல்லை, சந்திரனும் இல்லை. பொருள் என்னவோ அதுதான் இருக்கிறது. ரேடியோவும் டிராக்டரும் தமிழனின் நாக்கில் புரளவில்லையா? ஒரு வருஷம் போட்டுப் பாருங்கள், டோகாமாக்கும் புரண்டுவிடும்.